மதராஸ் வரை வந்த ராலி: நெடுந்தூரக் கார் பந்தயத்தின் நூறாண்டும் நம் சாலைகளும்

1977 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் கொடியசைத்து அனுப்பப்பட்ட கார்கள் ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாவற்றையும் தாண்டி இந்தியாவுக்குள் இறங்கி, மதராஸ் துறைமுகத்தில் வந்து நின்றன. அங்கே கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கின. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியப் பாலைவனம் என்று ஓடி, செப்டம்பர் 28 அன்று சிட்னி ஆபரா ஹவுஸ் வாசலில் பந்தயத்தை முடித்தன. மொத்தம் 31,107 கிலோமீட்டர். உலகின் மிக நீண்ட கார் ராலி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது அதுதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணம் போட்டு நடத்திய அந்த லண்டன்-சிட்னி ராலியில் லண்டனிலிருந்து வந்த தரைவழி நம் ஊர்க் கடற்கரையில் முடிந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை.

மதராஸிலிருந்து பினாங்குக்குப் போகும் கடல்வழி தமிழர்களுக்குப் புதிதல்ல. ரஜூலா கப்பலில் மூட்டை முடிச்சோடு ஏறி அக்கரைச்சீமைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். புதிது என்னவென்றால், லண்டனில் சாவி போட்ட கார் சொந்தச் சக்கரத்திலேயே மதராஸ் வரை வந்தது. இன்றைக்கு அப்படி ஒரு பந்தயத்தை நடத்த முடியாது. காரும் சாலையும் அன்றைவிட எவ்வளவோ மேல்; ஆனால் இடையிலுள்ள நாடுகளை வரிசையாகக் கடக்க வழியில்லை. நெடுந்தூர ராலியின் வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், அது சாலை எப்போது திறந்தது, எப்போது அடைபட்டது என்பதன் வரலாறாகவே இருக்கிறது.

விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் தொடங்குகிறது. ‘காஷ்மீர் டு கன்னியாகுமரி’ என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிய கார்களும் பைக்குகளும் இந்த வழியாகத்தான் போகின்றன. நம் பையன்கள் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்திலும் ஒரு ராலி நடத்தினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன் ராலி என்பது என்ன, எப்படி வளர்ந்தது, ஏன் சுருங்கியது என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் வந்தவன் தோற்ற கதை

கதை தொடங்குவது ஒரு பத்திரிகை ஆபீஸில். 1907 ஜனவரி 31 அன்று பாரிஸின் ‘லெ மத்தேன்’ நாளிதழ் ஒரு சவால் விட்டது: பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்குக் காரில் வர யாருக்காவது துணிச்சல் உண்டா? அந்த ஆண்டு ஜூன் 10 அன்று ஐந்து வண்டிகள் பீக்கிங்கிலிருந்து கிளம்பின. பாதி வழிக்குச் சாலையே கிடையாது. பெட்ரோலை ஒட்டகங்களில் ஏற்றி முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தார்கள். இத்தாலிய இளவரசர் ஷிப்பியோனே போர்கேஸேயின் ‘இத்தாலா’ காரில் மெக்கானிக் எத்தோரே குயிஸார்டியும் பத்திரிகையாளர் லுயிஜி பர்ஸினியும் உடன் வந்தார்கள். சைபீரியாவில் ஒரு மரப்பாலம் காரோடு சேர்ந்து இடிந்து விழுந்தது. பிறகு சக்கரம் நொறுங்கியபோது கிராமத்துத் தச்சர் ஒருவர் கோடாலியைக் கொண்டே மரத்தைச் செதுக்கிப் புதுச் சக்கரம் பூட்டிக் கொடுத்தார். நடுவே விருந்துக்காகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சுற்றிப் போய்விட்டும், ஆகஸ்ட் 10 அன்று போர்கேஸே பாரிஸில் முதலாவதாக நுழைந்தார்.

அடுத்த ஆண்டு அதே பத்திரிகையும் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழும் சேர்ந்து நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு ஒரு பந்தயம் வைத்தன. ஜெர்மானியர்களின் ‘புரோட்டோஸ்’ கார் நான்கு நாள் முன்னதாகவே பாரிஸை எட்டியது. ஆனாலும் பரிசு அமெரிக்காவின் ‘தாமஸ் ஃபிளையர்’ காருக்கே போனது. ஜெர்மன் கார் வழியில் கொஞ்ச தூரம் ரயிலில் ஏறி வந்திருந்ததால் தண்டனை நாட்கள் சேர்க்கப்பட்டிருந்தன. முதலில் வந்தவன் தோற்கலாம் என்ற இந்தக் கணக்குதான் ராலியைச் சாதாரண ரேஸிலிருந்து பிரிக்கிறது. ரேஸில் எதிராளி பக்கத்தில் ஓடுகிறான். ராலியில் கையிலிருக்கும் கடிகாரம்தான் எதிராளி.

1911-இல் மான்டி கார்லோ ராலி வந்தது. 1953-இல், எலிசபெத் ராணியின் முடிசூட்டை ஒட்டி, கிழக்கு ஆப்பிரிக்காவில் சஃபாரி ராலி தொடங்கியது. கென்யாவிலும் உகாண்டாவிலும் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பெயர் வாங்கியது இங்கேதான். கென்யாவின் ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 என மூன்று முறை வென்றார். உகாண்டாவில் பிறந்த சேகர் மேத்தா 1973-இலும், பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார். மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு, வெயிலடித்தால் எதிரே வருவது தெரியாத புழுதி என்பதுதான் சஃபாரி. அதை வென்ற கார் எந்த ஊரிலும் ஓடும் என்று கம்பெனிகள் விளம்பரம் போட்டன.

பம்பாய் வழி, மதராஸ் வழி

இந்தியா இந்த வரலாற்றுக்குள் பெரிய அளவில் வந்தது 1968-இல். லண்டனின் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழும் சிட்னியின் ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழும் சேர்ந்து முதல் லண்டன்-சிட்னி மாரத்தானை அறிவித்தன. முதல் பரிசு 10,000 பவுண்டு. நவம்பர் 24 அன்று 98 கார்கள் கிளம்பின. இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், டெல்லி வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவற்றில் 72 கார்கள் ‘சூசன்’ என்ற கப்பலில் ஏறி ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போயின.

பம்பாயில் முன்னணியில் இருந்தவர் பிரிட்டனின் ரோஜர் கிளார்க். ஆஸ்திரேலியக் காட்டுப் பாதையில் அவர் கார் பழுதாகிப் பின்தங்கியது. சிட்னியை நெருங்கும்போது பெல்ஜியத்தின் லூசியன் பியாங்கியும் பிரான்ஸின் ஜான் குளோத் ஓஜியேவும் வந்த சிட்ரோயன் முன்னிலையில் இருந்தது. வெற்றி கைக்கெட்டிய நேரத்தில், எதிரே வந்த கார் ஒன்று அவர்கள் வண்டியில் மோதியது. பின்னால் வந்த பேடி ஹாப்கர்க் காரை நிறுத்தி இறங்கி, அடிபட்டவர்களுக்கு உதவினார். அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. கோப்பையைத் தட்டிச் சென்றவர் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ கோவன். அவரும் காலின் மால்கினும் பிரையன் காய்லும் ஓட்டிய ஹில்மேன் ஹண்டர், யாரும் பெரிதாகப் பேசாத ஒரு குடும்பக் கார். வேகத்தில் அது யாரையும் மிரட்டவில்லை. வழி நெடுகப் பெரிய கோளாறு இல்லாமல், நேரம் தவறாமல் வந்துகொண்டே இருந்தது. கிளம்பிய 98-இல் சிட்னி வரை தேறியவை 56.

1970-இல் லண்டனிலிருந்து மெக்ஸிகோவுக்கு, உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி, ஏறத்தாழ 25,700 கிலோமீட்டர் ராலி நடந்தது. ஃபின்லாந்தின் ஹன்னு மிக்கோலாவும் ஸ்வீடனின் குன்னார் பாமும் ஃபோர்டு எஸ்கார்ட்டில் வென்றார்கள். கிளம்பிய 96 கார்களில் முடித்தவை 23 மட்டுமே. அதன்பின் வந்ததுதான் மதராஸைத் தொட்ட 1977 ராலி. அதிலும் வென்றவர் அதே ஆண்ட்ரூ கோவன். இம்முறை மெர்சிடிஸ் 280இ காரில், மால்கினும் மைக்கேல் பிராடும் துணைக்கு. இரண்டு முறையும் ஒரே ஆள் வென்றதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. இரவுக்கு இரவு ஆள் மாற்றி ஓட்டுவது, வண்டியின் உயிரைக் கடைசி நாளுக்கு மிச்சம் வைப்பது என்ற நிதானம் அவரிடம் இருந்தது.

வழி அடைபட்டது

1979 இரண்டு அடிகளைக் கொடுத்தது. பிப்ரவரியில் ஈரானில் புரட்சி வென்றது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. லண்டனையும் டெல்லியையும் இணைத்த பழைய தரைவழி அத்தோடு போயிற்று. கோவன் வந்த பாதையில் இன்னொரு பெரிய ராலியை அனுப்ப யாருக்கும் துணிவில்லை. 1997-இல் பழைய கார்களுக்கான பீக்கிங்-பாரிஸ் பயணத்தை மறுபடி நடத்தியபோது, கார்கள் திபெத், நேபாளம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, பாகிஸ்தான், ஈரான் வழியே வெளியேறின. ஆப்கானிஸ்தானைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையே நெடுந்தூரப் பந்தயத்தின் கவனம் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியிருந்தது. தியெரி சபீன் தொடங்கிய பாரிஸ்-டாக்கர் ராலி 1978 டிசம்பர் 26 அன்று முதன்முதலாகக் கிளம்பியது. அதுவும் தப்பவில்லை. மொரிட்டானியாவில் தீவிரவாத மிரட்டல் வந்ததால் 2008-இல் ரத்து செய்யப்பட்டு, 2009-இல் தென் அமெரிக்காவுக்கும், 2020-இல் சவூதி அரேபியாவுக்கும் இடம் மாறியது. இப்போது டாக்கர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. டாக்கர் நகரம் பாதையில் இல்லை. சஃபாரி ராலி 2002-க்குப் பின் உலகச் சாம்பியன்ஷிப்பிலிருந்து நீக்கப்பட்டு, 2021-இல் மிகச் சுருங்கிய வடிவில் திரும்பி வந்தது. நாள் கணக்கில் நாடு தாண்டி ஓடிய பந்தயம், ஓர் ஊரைச் சுற்றி மூடிய பாதைகளில் சில நூறு கிலோமீட்டர் ஓடுவதாக மாறிவிட்டது. போக்குவரத்து பெருகியது, காப்பீட்டுச் செலவு ஏறியது, தொலைக்காட்சிக்கு ஒரே இடத்தில் படம் பிடிக்க வசதி வேண்டியிருந்தது. மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது.

இந்தியாவில் அந்தக் காலியிடத்தை நிரப்ப முயன்றது இமாலயன் ராலி. நசீர் ஹூசைன் முன்னின்று 1980-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் வெளிநாட்டு ஓட்டுநர்களை இமயமலைச் சாலைகளுக்கு வரவழைத்தது. பத்தாண்டில் அது ஓய்ந்தது. 1988-இல் தேசிய ராலி சாம்பியன்ஷிப் அமைந்தது. 1999-இல் ரெய்டு டி ஹிமாலயா, 2003-இல் ராஜஸ்தான் மணலில் டெசர்ட் ஸ்டார்ம் என்று நெடுந்தூரப் பந்தயம் உள்நாட்டிலேயே மலைக்கும் பாலைவனத்துக்கும் ஒதுங்கியது. மக்கள் குறைவாக வாழும் இடத்தைத் தேடிப் போனது என்றும் சொல்லலாம்.

பந்தயமாக இல்லாமல் சாதனைப் பயணமாகப் பேர் வாங்கியவர்களும் உண்டு. கல்கத்தாவின் சலூ, நீனா சவுத்ரி தம்பதியர் 1989-இல் டெல்லியில் கிளம்பி, ஹிந்துஸ்தான் கான்டெஸா கிளாசிக் காரில் ஆறு கண்டங்களைச் சுற்றி 69 நாள் 19 மணி 5 நிமிடத்தில் திரும்பினார்கள். அரசுகளும் ராலியைப் பயன்படுத்திக்கொண்டன. 2004 நவம்பரில் குவாஹாட்டியிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாம் வரை இந்தியா-ஆசியான் கார் ராலி போனது; 2012-இல் யோக்யகர்த்தாவிலிருந்து கார்கள் இந்தியாவுக்கு வந்தன. அங்கே யார் முந்தினார்கள் என்பது பொருட்டே இல்லை. சாலை திறந்திருக்கிறது, வணிகம் நடக்கலாம் என்று காட்டுவதே நோக்கம்.

தமிழ்நாட்டின் கணக்கு

மோட்டார் பந்தயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. நாட்டின் பந்தயக் கூட்டமைப்புக்குத் தலைமையகம் சென்னை. கோயம்புத்தூர் தந்த கரிவரதன், லீலாகிருஷ்ணன், நரேன் குமார் போன்றோரின் பெயர் பந்தய உலகில் எல்லோருக்கும் தெரியும். சென்னையின் எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி பல்லாண்டுகள் ராலி அணி நடத்தியது. ஓசூரின் டி.வி.எஸ்., பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து டாக்கர் பந்தயத்துக்கே பைக் அனுப்பியது.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை தெரிகிறது. நாம் கொடுத்தது ஓட்டுநரும் வண்டியும் டயரும். மாநிலத்தின் குறுக்கே நாள் கணக்கில் ஓடி, ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே நினைவுக்கு வருகிற அளவுக்கு நிலைத்த ஒரு நெடுந்தூர ராலிப் பாதை நம்மிடம் இல்லை. மக்கள் நெருக்கமாக வாழும் மாநிலத்தில் அது இயல்பும்கூட. பத்துக் கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு பஸ் ஸ்டாப் என்று இருக்கும் இடத்தில் 140 கிலோமீட்டர் வேகத்துக்கு எங்கே இடம்?

இரண்டு வகை ராலி

இன்று நடக்கும் ராலிகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, பாதையை மூடிவிட்டு முழு வேகத்தில் ஓட்டும் ஸ்பெஷல் ஸ்டேஜ் ராலி. மற்றது டி.எஸ்.டி. என்று சொல்லப்படும் நேரம்-வேகம்-தூர ராலி. இரண்டாவது வகையில் பொதுச்சாலையில், போக்குவரத்து விதிக்கு உட்பட்டு, அமைப்பாளர் சொன்ன சராசரி வேகத்தில் ஓட்ட வேண்டும். வழியில் எங்கே கண்காணிப்பு நிலையம் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தாமதமாகப் போனாலும் புள்ளி போகும், சீக்கிரம் போனாலும் போகும்.

அதன் கஷ்டம் கணக்கில் இருக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சரியாக 10 மீட்டர். திருத்தங்கல் பக்கம் ரயில்வே கேட் போட்டு இரண்டு நிமிடம் நின்றால் 1,200 மீட்டர் கடன். அடுத்த ஆறு கிலோமீட்டரில் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டுமென்றால் 600 நொடியில் ஓட வேண்டியதை 480 நொடியில் ஓட வேண்டும். அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். நடுவே ஆட்டு மந்தை வந்தால் மறுபடி கணக்கு. ஓட்டுபவர் ஸ்டியரிங்கை மட்டும் பார்ப்பார்; இந்தக் கணக்கையெல்லாம் மடியில் ரோடு புக்கை வைத்துக்கொண்டு நேவிகேட்டர் போடுகிறார். ரோடு புக்கில் வரைபடம் இருக்காது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னக் கோட்டுப் படம், அதுவரைக்கான தூரம், ‘கண்மாய்க்கரை தாண்டி இடது’ என்பது போல ஒரு குறிப்பு. பார்வையற்றவர்கள் பிரெய்லில் அச்சடித்த ரோடு புக்கைத் தடவிப் படித்து வழி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ஓட்டுகிற ராலிகள் இந்திய நகரங்கள் பலவற்றில் நடந்திருக்கின்றன. வேகத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தம் குறைவு என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

முதல் வகையின் ஆபத்தும் கண்கூடானது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் தேசிய ராலி நடந்தபோது, மூடப்பட்ட பாதைக்குள் நுழைந்துவிட்ட பைக்கில் ராலி கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். வழியை அடைத்துவிட்டோம் என்று அமைப்பாளர் நினைப்பது ஒன்று. வயலுக்கும் வீட்டுக்கும் தினமும் அந்த வழியில் போகிறவர் நினைப்பது வேறு. மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்தினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லையேல் இரண்டும்.

பட்டாசு வட்டாரத்தில் பொருந்துமா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரச் சாலைகளுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. காலையில் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலை வேன்கள் ஓடுகின்றன. சாயங்காலம் அதே வேன்கள் திரும்புகின்றன. பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரிகள் வடநாட்டுக்குக் கிளம்புவதும் இதே சாலைகளில்தான். விபத்து நடந்தால் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வர வேண்டியதும் இதே குறுகிய சாலைகளில்தான். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 40 பேர் அளவில் இறந்தபோது, உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். கூட்டம் எங்கே நிற்கிறது, சாலை யார் கையில் இருக்கிறது என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. ஒரு ஸ்டேஜுக்காக மூன்று மணி நேரம் சாலையை மூடினால், அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு ஆலையில் புகை கிளம்பாது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம், 2021-இல் அறிவிக்கப்பட்டது. அந்த மலையடிவாரமும் பந்தயத்துக்கு ஆகாது. நான்கு வழிச்சாலையில் கடிகாரத்தோடு போட்டி போடுவதற்கு ஒன்றுமில்லை. வேகமாக ஓட்டும் ஆசையைத்தான் அது கிளப்பும்.

மிஞ்சுவது கரிசல் கிராமச் சாலைகள். அருப்புக்கோட்டைக்கும் சாத்தூருக்கும் இடையே, கண்மாய்க் கரையும் சீமைக்கருவேலமும் பருத்தி, கம்பு வயல்களுமாகக் கிடக்கும் பாதைகள் டி.எஸ்.டி. ராலிக்கு வாகானவை. வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல், ஐப்பசி கார்த்திகை மழையில் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. சராசரி வேகத்தைக் காப்பாற்றுவது சஃபாரிக்காரர்களுக்கே சவாலாக இருக்கும். தீபாவளி முடிந்து ஆலைகள் விடுமுறையில் இருக்கும் வாரங்களில் ஆலை வேன் ஓட்டமும் லாரி ஓட்டமும் அடங்கியிருக்கும். ஆண்டில் இந்தச் சாலைகள் மூச்சுவிடும் காலம் அதுதான். அதே சமயம் விதைத்த வயல் இருக்கும்; மண்பாதையை விட்டு ஓரடியும் இறங்கக் கூடாது என்ற விதி கண்டிப்பாக வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. வேக ஸ்டேஜ் கேட்டு எந்த அமைப்பு வந்தாலும், பட்டாசு வட்டாரத்தில் அனுமதி மறுக்கப்பட வேண்டும். அதற்கு டிராக் இருக்கிறது, மணல்வெளி இருக்கிறது. டி.எஸ்.டி. ராலி கேட்டு வந்தால், ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில், சாலையை அடைக்காமல், தீயணைப்பு நிலையங்களுக்கு முன்கூட்டியே பாதை விவரத்தைக் கொடுத்துவிட்டு நடத்த அனுமதிக்கலாம். கிராமத்தில் முன்கூட்டியே தண்டோரா போட்டாவது தகவல் சொல்ல வேண்டும். பார்வையற்ற நேவிகேட்டர்களுக்கு அதில் ஒரு பிரிவு இருக்க வேண்டும். காரை வேகமாக ஓட்ட ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: உலகின் மிக நீண்ட ராலியை வென்றவர் தினமும் வேகத்தில் முந்தியவர் அல்லர். வண்டியைக் கெடுக்காமல், வழி தப்பாமல், சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்.